நட்டத்தைத் தானே சுமந்த கம்பெனி



ஒரு கப்பல் கம்பெனியின் தரத்தை அறிய அதன் கப்பல்களை எண்ணிப் பயனில்லை. நட்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இன்று நான் சொல்லப்போவது அத்தனையும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இருக்கும். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஹோல்ட் கம்பெனி. பதிவேட்டில் அதன் பெயர் ஓஷன் ஸ்டீம் ஷிப் கம்பெனி. ஆனால் துறைமுகங்களில் அந்தப் பெயர் புழங்கவில்லை. அதன் கப்பல்களுக்கு நீலப் புகைபோக்கி, உச்சியில் மட்டும் கறுப்பு. அந்த அடையாளத்தை வைத்து, பினாங்கிலிருந்து ஷாங்காய் வரை ‘புளூ ஃபனல்’ என்றே அதை அழைத்தார்கள். ஹோல்ட் வாங்கிய முதல் கப்பலில் ஒரு டப்பா நீலச் சாயம் மிச்சமிருந்தது, அதைத்தான் பூசினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும் அந்த நீலம் நூறு ஆண்டுகளுக்கு மேல் கீழைக் கடல்களில் ஓடியது.

ஆல்ஃபிரட் ஹோல்ட் 1829இல் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஹோல்ட் லிவர்பூலில் பருத்தித் தரகர், வசதியானவர். மகனோ வணிகத்துக்குப் போகாமல் எஞ்சினியரிங் கற்கப் போனார். அதுவும் கப்பலில் அல்ல, ரயிலில். லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதையின் எஞ்சினியர் எட்வர்ட் உட்ஸ் என்பவரிடம் தொழில் பழகினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல் முதலாளிகளில் பெரும்பாலோர் வணிகர்கள், இல்லாவிட்டால் கடலில் மூத்துக் கரையேறிய கேப்டன்கள். ஹோல்ட் இரண்டுமில்லை. ஒரு மைல் ஓட எத்தனை பவுண்டு நிலக்கரி எரிகிறது என்று கணக்குப் போட்டுப் பழகிய மனிதர் அவர். கடலுக்கு அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு வந்தார்.

1850களில் நீராவிக் கப்பலின் நிலை என்ன? எஞ்சின் கரியைத் தின்றது. தூரம் கூடக்கூட, கரி வைக்கும் இடம் சரக்கு வைக்கும் இடத்தை விழுங்கியது. சீனா வரை போக வேண்டுமென்றால் கப்பல் தன் எரிபொருளைத்தான் சுமந்துகொண்டு போகும். கூலி தரும் சரக்குக்கு இடமிருக்காது. ஆகவே தூர கிழக்குக்கு நீராவிக் கப்பல் விட்ட பி அண்ட் ஓ போன்ற கம்பெனிகள் அரசு தந்த தபால் மானியத்தில் நடந்தன. கடிதங்களும் பயணிகளும் பட்டும் அதில் போயின. தேயிலையும் துணியும் இரும்பும் பாய்மரத்தில்தான் போயின. காற்று இலவசம் அல்லவா?

இதற்கு விடை எஞ்சினுக்குள் இருந்தது. கொதிகலனிலிருந்து வரும் நீராவியை ஓர் உருளையில் ஒருமுறை வேலை வாங்கிவிட்டு வெளியே விடுவது பழைய முறை. அதே நீராவியை இன்னொரு பெரிய உருளைக்குள் செலுத்தி, மிச்சமிருக்கும் விசையையும் பிழிந்து எடுப்பது கூட்டு எஞ்சின். இதை ஹோல்ட் கண்டுபிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கிளைடு நதிக்கரையில் ஜான் எல்டர் பத்தாண்டுகளுக்கு முன்பே கப்பலில் பொருத்திக் காட்டிவிட்டார். ஆனால் இந்த எஞ்சினால் முழுப் பலன் கிடைக்க வேண்டுமானால் நீராவி அழுத்தம் கூட வேண்டும். அன்றைய கப்பல்களில் சதுர அங்குலத்துக்கு 20, 25 பவுண்டுக்கு மேல் போக அதிகாரிகள் அஞ்சினார்கள். ரயில் எஞ்சினில் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தைப் பார்த்துப் பழகிய ஹோல்ட்டுக்கு அந்த அச்சம் இல்லை.

அவரிடம் ‘கிளீட்டர்’ என்ற பழைய சிறிய கப்பல் ஒன்று இருந்தது. மேற்கிந்தியத் தீவு வணிகத்தில் போட்டி தாங்காமல் மற்றக் கப்பல்களை விற்றபோது, இதை மட்டும் சோதனைக்கென்று வைத்துக்கொண்டார். 1864இல் அதில் 60 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் கூட்டு எஞ்சினைப் பொருத்தினார். கப்பல் முன்னைவிட வேகமாகவும் ஓடியது, முன்னைவிடக் குறைந்த கரியையும் எரித்தது. பிறர் பணத்தில் அல்ல, தன் கப்பலில், தன் காசில் செய்து பார்த்த சோதனை அது. இந்தக் குணத்தைக் கவனியுங்கள். பிற்பாடு வரும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

அடுத்த ஆண்டு தம்பி பிலிப்போடு சேர்ந்து ஓஷன் ஸ்டீம் ஷிப் கம்பெனியைத் தொடங்கினார். கிரீனாக்கில் ஸ்காட் கட்டுந்தளத்தில் மூன்று கப்பல்கள் எழுந்தன: அகமெம்னான், அஜாக்ஸ், அக்கிலீஸ். ஹோமரின் காவியங்களிலிருந்து பெயர் வைக்கும் வழக்கம் அன்று தொடங்கி, கம்பெனி இருந்த வரை மாறவில்லை. 1866 ஏப்ரல் 19 அன்று அகமெம்னான் லிவர்பூலிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்டது. 309 அடி நீளம். நாளுக்கு ஏறத்தாழ 20 டன் கரி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மொரீஷியஸ் வரை, 8,500 மைல், வழியில் எங்கும் கரி ஏற்றாமல் ஓடும் திறன். நீராவிக் கப்பலால் இது முடியும் என்று அன்று லிவர்பூலில் நம்பியவர்கள் குறைவு.

அதே 1866ஆம் ஆண்டில்தான் புகழ்பெற்ற தேயிலைப் பந்தயம் நடந்தது. ஃபூச்சோவிலிருந்து புறப்பட்ட கிளிப்பர் பாய்மரக் கப்பல்கள் லண்டனை நோக்கிப் பறந்தன. 99 நாள் ஓடி, டைப்பிங், ஏரியல் என்ற இரண்டும் அரை மணி நேர வித்தியாசத்தில் துறைக்கு வந்து சேர்ந்தன. பத்திரிகைகள் கொண்டாடின. மனிதனும் காற்றும் சேர்ந்து செய்த பேரழகான காரியம் அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலத்திலேயே ஹோல்ட்டின் கப்பல்கள் சீனாவிலிருந்து ஏறத்தாழ அறுபது நாளில் வரத் தொடங்கிவிட்டன. அதைவிட முக்கியம், அவை சொன்ன நாளில் வந்தன. தேயிலை வியாபாரிக்கு வேகத்தைவிடத் தேதிதான் பெரிது. எப்போது வரும் என்று தெரிந்தால்தான் விற்கவும் கடன் வாங்கவும் கிடங்கு பிடிக்கவும் முடியும்.

1869 நவம்பர் 17இல் சூயஸ் கால்வாய் திறந்தது. வழி மூவாயிரம் மைலுக்கு மேல் குறைந்தது. கால்வாயில் பாய் விரித்துப் போக முடியாது, செங்கடலின் காற்றும் பாய்மரத்துக்கு ஒத்துழைக்காது. ஆகவே அந்தக் குறுக்குவழி நீராவிக்கு மட்டுமே கிடைத்தது. கால்வாய் திறந்து ஐந்தே நாளில் ஸ்காட்லாந்தில் நீரில் இறங்கியது ‘கட்டி சார்க்’ என்ற கிளிப்பர். தேயிலைக்கென்றே கட்டிய கப்பல். சில ஆண்டுகளில் அதற்குத் தேயிலை கிடைக்காமல், ஆஸ்திரேலியாவுக்குக் கம்பளி ஏற்றப் போனது.

இனி காப்பீட்டுக்கு வருகிறேன். கப்பல் முதலாளி என்றால் காப்பீடு செய்தே தீர வேண்டும் என்பது அன்றும் இன்றும் பொது விதி. ஹோல்ட் சகோதரர்கள் கணக்குப் பார்த்தார்கள். லண்டன் காப்பீட்டாளர் வாங்கும் தொகையில் எல்லாக் கம்பெனிகளின் அசட்டையும் சேர்ந்திருக்கிறது. ஓட்டைக் கப்பல் விடுகிறவனுக்கும் குடிகாரக் கேப்டனை வைத்திருப்பவனுக்கும் சேர்த்து நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? அந்தத் தொகையைத் தங்களுக்குள்ளேயே நிதியாகச் சேர்த்து, கப்பல் போனால் தாங்களே தாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். லாபக் கணக்காகத் தொடங்கிய முடிவுதான் அது. ஆனால் கம்பெனியின் ஒவ்வொரு மூலையையும் அது மாற்றிவிட்டது.

கப்பல் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். லாயிட்ஸ் பதிவகத்தின் உயர்ந்த தரச் சான்று வாங்கினால் போதும் என்று மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஹோல்ட் கம்பெனி அதற்கும் மேலே தனக்கென்று ஓர் அளவு வைத்தது. தகடு கனமாக இருக்கும், சட்டங்கள் நெருக்கமாக இருக்கும். கட்டும் தளங்களில் அதை ‘ஹோல்ட் கிளாஸ்’ என்றே சொன்னார்கள். ஆள் எடுப்பதிலும் அப்படித்தான். பயிற்சிப் பையன்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தங்கள் கப்பல்களிலேயே வளர்த்து அதிகாரி ஆக்கினார்கள். வேல்ஸ் நாட்டுக் கடலோரக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்ததால் புளூ ஃபனலுக்கு ‘வேல்ஸ் கடற்படை’ என்ற பட்டப்பெயரே விழுந்தது. கேப்டனுக்கு விதிமுறைகள் நுணுக்கமாக எழுதித் தரப்பட்டன. வேகமாக வந்தவரைவிடக் கப்பலைப் பத்திரமாகக் கொண்டுவந்தவரே அங்கே பெரியவர்.

இதன் பொருள் என்னவென்று 1880இல் ஏடன் கடலில் தெரிந்தது. ‘ஜெட்டா’ என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போனது. அது வேறொரு கம்பெனியின் கப்பல். ஆகஸ்ட் மாதத்தில் புயலில் சிக்கி, கொதிகலன்கள் இடம் பெயர்ந்து, நீர் புகுந்தது. கேப்டனும் அதிகாரிகளும் படகில் இறங்கி, அத்தனை பயணிகளையும் நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேறொரு கப்பல் ஓடிப்போனவர்களைக் காப்பாற்றி ஏடனில் சேர்த்தது. ‘ஜெட்டா’ மூழ்கிவிட்டது, பயணிகள் யாரும் பிழைக்கவில்லை என்று சொன்னார்கள். செய்தி தந்தியில் லண்டனுக்கும் போனது.

மறுநாள் ‘ஜெட்டா’ ஏடனுக்கு வந்து சேர்ந்தது! இழுத்து வந்தது ஹோல்ட்டின் ‘ஆன்டனர்’. ஷாங்காயிலிருந்து சரக்கோடு போய்க்கொண்டிருந்த கப்பல் அது. கைவிடப்பட்ட கப்பலைக் கண்டு, முதல் அதிகாரியை அதில் ஏற்றி, பயணிகளோடு சேர்ந்து நீரை இறைக்கச் செய்து, கயிறு கட்டி இழுத்து வந்தது. ஜோசஃப் கான்ராட் 1900இல் ‘லார்ட் ஜிம்’ நாவலை எழுத இந்தச் சம்பவம் கருவானது. நாவல் ஓடிப்போன அதிகாரியின் மனச்சாட்சியைப் பற்றியது. எனக்கு அதைவிட, அந்த ஆயிரம் பேரோடு நின்று கப்பலைக் கரை சேர்த்த அதிகாரியின் நினைவுதான் அதிகம் வருகிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. 1880களில் ஆல்ஃபிரட் ஹோல்ட் தன் எஞ்சின் மீதே பிடிவாதம் பிடித்தார். மும்முறை நீராவியைப் பயன்படுத்தும் புதிய எஞ்சின்கள் வந்துவிட்டன, இரும்புக்கு மாற்றாக எஃகு வந்துவிட்டது, போட்டிக் கம்பெனிகள் முந்தின. ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் ஹோல்ட்டின் முகவராக இருந்த ஜான் சாமுவேல் ஸ்வயர் அவரை இடித்துரைத்துக்கொண்டே இருந்தார். இந்த ஸ்வயர், ஹோல்ட் கம்பெனியின் தொடக்கத்திலேயே பங்கு வாங்கியவர். 1879இல் சீன வணிகத்துக் கப்பல் கம்பெனிகளைச் சேர்த்து ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கியவரும் அவரே. கட்டணத்தை எல்லோரும் ஒன்றாக நிர்ணயிப்பார்கள். கூட்டமைப்பின் கப்பல்களிலேயே தொடர்ந்து சரக்கு ஏற்றும் வணிகருக்குச் சில மாதம் கழித்து ஒரு பகுதி திருப்பித் தரப்படும். வெளிக் கப்பலில் ஒருமுறை ஏற்றினாலும் அந்தப் பணம் போச்சு. இதனால் ஒழுங்கான தேதிகளில் கப்பல் ஓடியது உண்மை. புதிதாக நுழைகிறவனுக்குக் கதவு அடைந்ததும் உண்மை. ஹோல்ட்டின் பெருமையைப் பேசும் நூல்கள் இரண்டாவதை மெல்லக் கடந்துபோகின்றன. அது சரியென்று எனக்குப் படவில்லை.

1890களில் இளைய தலைமுறை, குறிப்பாக ரிச்சர்ட் டர்னிங் ஹோல்ட், பொறுப்பேற்று எஃகுக் கப்பல்கள் வாங்கியது. 1902இல் போட்டியாளரான சைனா மியூச்சுவல் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் புளூ ஃபனலுக்கு உச்சகாலம்.

சரக்கு எப்படி ஏறி இறங்கியது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இன்று அந்தத் தொழிலே இல்லை. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்கன்ஹெட். அங்கே விட்டோரியா டாக்கில் கப்பல் நிற்கும். போகும் சரக்கு மான்செஸ்டர் துணி, இயந்திரங்கள், தண்டவாளம், சிமென்ட், விஸ்கி, சைக்கிள். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் என்று வரிசையாக இறங்க வேண்டும். முதலில் இறங்குவது மேலே இருக்க வேண்டும். கனமானது அடியில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும். பினாங்குக்குப் போவது ரயில் எஞ்சின், ஷாங்காய்க்குப் போவது கண்ணாடிப் பொருள் என்றால் என்ன செய்வது? ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு நிறம் என்று வைத்து, கப்பலின் குறுக்குவெட்டுப் படத்தில் சரக்கு முழுவதையும் தீட்டுவார்கள். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அந்தப் படத்தின் பிரதி தபாலில் அடுத்த துறைமுகத்து முகவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

திரும்பும் சரக்கு இன்னும் கடினம். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தோலையோ மிளகையோ அருகில் வைத்தால் தேயிலை கெட்டது. கொப்பரை சூடேறும், பூச்சி பிடிக்கும். ரப்பர் பாலையும் பனை எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் ஆழத் தொட்டிகளில் ஊற்றிக் கொண்டுவர வேண்டும். ரப்பர் பால் இரும்பைத் தொடாமலிருக்கத் தொட்டிக்கு மெழுகு பூச வேண்டும். எண்ணெயோ குளிர்நாட்டில் உறைந்துவிடும்; தொட்டிக்குள் நீராவிக் குழாய் விட்டு மெல்லச் சூடேற்ற வேண்டும், அதிகம் சூடேறினால் எண்ணெய் பாழ். இத்தனையும் முதல் அதிகாரியின் பொறுப்பு. சேதமானால் கம்பெனியின் பணம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே சரக்கறையில் அவரே இறங்கி நிற்பார். இன்று அழிந்துபோன அந்தத் தேர்ச்சியை நினைத்தால் எனக்கு உள்ளபடியே வருத்தம்தான்.

சிங்கப்பூரில் இந்த வலையின் மையம் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனி. பெரிய கப்பல் எல்லாச் சிறு துறைமுகத்துக்கும் போக முடியாது. மலாயா, போர்னியோ, சுமத்ரா ஆகிய இடங்களின் ஆற்று முகங்களிலிருந்து சிறு கப்பல்கள் தகரம், கொப்பரை, புகையிலை, ரப்பர் என்று கொண்டுவந்து சேர்க்கும். அவற்றில் பெரும்பகுதி ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனியுடையது. அதுவும் பின்னாளில் ஹோல்ட்டின் கைக்கு வந்தது.

இந்த இடத்தில்தான் நம் மக்கள் வருகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து தமிழர்களை மலாயாவுக்கு ஏற்றிப்போனது புளூ ஃபனல் அல்ல, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. ஆனால் அவர்கள் அங்கே தோட்டத்தில் விடியுமுன் எழுந்து மரம் சீவிச் சேர்த்த பால், புகையில் காய்ந்து தகடாகி, பெட்டியில் அடைபட்டு, போர்ட் சுவெட்டன்ஹாமிலும் பினாங்கிலும் ஏறியது பெருமளவு நீலப் புகைபோக்கிக் கப்பல்களில்தான். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறையில் மூட்டை சுமந்தவர்களிலும் தமிழர்கள் கணிசம். லிவர்பூலின் கணக்கேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. ஏறிய டன் கணக்கு மட்டும் இருக்கும்.

போரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1940 நவம்பர் 11. ‘ஆட்டோமெடான்’ என்ற புளூ ஃபனல் கப்பல் லிவர்பூலிலிருந்து பினாங்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுமத்ராவுக்கு மேற்கே, சரக்குக் கப்பலைப் போல வேடமிட்ட ஜெர்மன் போர்க்கப்பல் ‘அட்லாண்டிஸ்’ எதிர்ப்பட்டது. ‘ஆட்டோமெடான்’ அபாயச் செய்தி அனுப்பத் தொடங்கியதும் குண்டுகள் பாய்ந்தன. கேப்டனும் மேல்தளத்து அதிகாரிகளும் அங்கேயே மாண்டார்கள். ஆபத்து வந்தால் கடலில் எறிய வேண்டிய இரகசியப் பை ஒன்று இருந்தது. எறிய வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. அந்தப் பையில் இருந்தது, தூர கிழக்கில் பிரிட்டன் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று லண்டன் போர் அமைச்சரவை சிங்கப்பூர் தளபதிக்கு எழுதிய மதிப்பீடு. ஜெர்மானியர் அதை டோக்கியோவுக்குக் கொடுத்தார்கள். பதினைந்து மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டாலும் விழுந்திருக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் நாட்டின் உயிர்நாடியான இரகசியத்தைச் சாதாரணச் சரக்குக் கப்பலில் அனுப்பியது யார் தவறு? அந்தக் கேப்டனின் தவறு அல்ல.

டார்பீடோவில் மூழ்கிய கப்பல்களின் படகுகளில் இன்னொன்றைக் கம்பெனி கண்டது. திடமான இளைஞர்கள் சீக்கிரம் மனம் விட்டுச் செத்தார்கள். பாய்மரத்தில் பழகிய முதியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கம்பெனியை நடத்திய குடும்பத்தின் லாரன்ஸ் ஹோல்ட் இதை அப்படியே விட்டுவிடவில்லை. ஜெர்மனியிலிருந்து தஞ்சம் வந்த கல்வியாளர் குர்ட் ஹானோடு சேர்ந்து, 1941இல் வேல்ஸின் அபர்டவியில் ஒரு பள்ளி தொடங்கினார். கடலையும் மலையையும் ஆசானாக்கி இளைஞரின் மனவுறுதியை வளர்ப்பது நோக்கம். இன்று உலகெங்கும் இருக்கும் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ இயக்கம் அங்கே பிறந்தது. ஒவ்வொரு உயிரும் தன் பொறுப்பு என்று எண்ணிய கம்பெனிதான் இதைச் செய்திருக்க முடியும்.

ஒவ்வொரு உயிரும் என்றா சொன்னேன்? இங்கே நிறுத்த வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே புளூ ஃபனலின் எஞ்சின் அறையில் கரி அள்ளிப் போட்டவர்களில் பெரும்பகுதி சீனர்கள். லிவர்பூலின் சீனக் குடியிருப்பு அவர்களால் உண்டானது. சம்பளம் வெள்ளையரைவிடக் குறைவு. போரின்போது ஆயிரக்கணக்கான சீன மாலுமிகள் லிவர்பூலைத் தளமாகக் கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அதே டார்பீடோவுக்கு அதே உயிர்தான். 1942இல் வேலைநிறுத்தம் செய்துதான் போர்ப்படி பெற்றார்கள். போர் முடிந்தது. 1945 அக்டோபரில் பிரிட்டிஷ் உள்துறையில் ஒரு கூட்டம் நடந்தது. அதன்பின் சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன மாலுமிகள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். பலருக்கு லிவர்பூலில் மனைவி இருந்தார், குழந்தைகள் இருந்தார்கள். கடைக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை என்றே அந்தப் பெண்கள் பல ஆண்டு நினைத்திருந்தார்கள். கப்பல் கம்பெனிகளுக்கு மலிவான சம்பளத்தில் கிழக்கிலேயே ஆள் எடுப்பது வசதி. சீன மாலுமிகளின் பெரிய முதலாளியான ஹோல்ட் கம்பெனிக்கும் அதில் பங்கு உண்டு. 2022இல்தான் பிரிட்டிஷ் உள்துறை நடந்ததை ஆராய்ந்து, வற்புறுத்தல் இருந்ததை ஒப்புக்கொண்டது.

என் கேள்வியை இங்கே மறுபடியும் வைக்கிறேன்: நட்டம் யார் தலையில் விழுந்தது? கப்பலுக்கும் சரக்குக்கும் வேல்ஸ் பையனுக்கும் கம்பெனி தானே பொறுப்பேற்றது. கரி அள்ளியவனுக்கு ஏற்கவில்லை. நூறு ஆண்டு நேர்மையையும் இந்த ஒரு வஞ்சனையையும் சேர்த்தே நான் ஹோல்ட் கம்பெனியை எடைபோடுகிறேன். ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க எனக்கு மனமில்லை.

இனி முடிவுக் காலம். 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஒரு பழைய டேங்கரின் மேல்தளத்தில் வைத்து அனுப்பினார். பழைய சரக்குக் கப்பல் தன் ஆயுளில் ஏறத்தாழ பாதியைத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குவதிலேயே கழித்தது. பெட்டி முறையில் அந்த நாட்கள் மணிகளாயின. இதை மற்றவர்களுக்கு முன்னே புரிந்துகொண்டவர்களில் ஹோல்ட் கம்பெனியாரும் உண்டு. தங்கள் தேர்ச்சி முழுவதையும் பயனற்றதாக்கும் ஒன்றைத் தாங்களே முன்வந்து தழுவினார்கள். 1965இல் பி அண்ட் ஓ உள்ளிட்ட மூன்று கம்பெனிகளோடு சேர்ந்து ஓ.சி.எல். என்ற கண்டெய்னர் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஒரு கண்டெய்னர் கப்பலுக்கு ஆகும் செலவை எந்தக் குடும்பக் கம்பெனியும் தனியாகத் தாங்க முடியாது என்பதே காரணம். அதே ஆண்டு கம்பெனியின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. அதேசமயம் 1966–67இல் ‘பிரையம்’ வரிசையில் எட்டு அருமையான பழைய பாணிச் சரக்குக் கப்பல்களையும் கட்டினார்கள். 21 நாட் வேகம், எண்ணெய்த் தொட்டி, குளிரறை எல்லாம் உண்டு. சில ஆண்டுகளிலேயே அவற்றுக்கு வேலை குறைந்துபோனது.

1972இல் தூர கிழக்குக்கு ஓடிய ஓ.சி.எல். கண்டெய்னர் கப்பல்களில் ஒன்றின் பெயர் ‘லிவர்பூல் பே’. அது புறப்பட்ட துறைமுகம் சவுத்தாம்ப்டன். லிவர்பூலுக்குக் கீழைத்தேய வணிகம் அத்தோடு போயிற்று. 1980களின் முடிவில் நீலப் புகைபோக்கி எந்தக் கடலிலும் இல்லை. 1986இல் பி அண்ட் ஓ மற்றவர்களின் பங்கை வாங்கி ஓ.சி.எல்.லை முழுவதும் தனதாக்கிக்கொண்டது. 2005இல் அது டென்மார்க்கின் மேர்ஸ்க்கிடம் போனது. கப்பலை விட்டுச் சரக்குப் போக்குவரத்துக்கு மாறிய தாய்க் கம்பெனி எக்ஸெல் என்ற பெயரில் அதே ஆண்டு ஜெர்மன் தபால் நிறுவனத்திடம் போய், டி.எச்.எல். உடன் கலந்தது. லிவர்பூலில் வாட்டர் ஸ்ட்ரீட்டில், தந்தையின் பழைய கட்டடம் இருந்த இடத்தில் எழுப்பிய தலைமையகம் ‘இந்தியா பில்டிங்ஸ்’ மட்டும் இன்னும் நிற்கிறது.

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். 2021 மார்ச் 23இல் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கியதை எல்லோரும் பார்த்தீர்கள். ஆறு நாள் கால்வாய் அடைந்தது. கப்பலின் உடைமையாளர் ஜப்பானியர். அதை ஓட்டிச் சரக்குப் பிடித்தது தைவான் கம்பெனி. பராமரிப்பும் ஆள் நிர்வாகமும் ஜெர்மன் நிறுவனத்திடம். கொடி பனாமாவினுடையது. மாலுமிகள் 25 பேர், அத்தனை பேரும் இந்தியர். காப்பீட்டாளர்கள் வேறு வரிசை. கப்பலை மிதக்க வைத்த செலவைச் சரக்கின் சொந்தக்காரர்களும் பங்கிட்டுக் கட்ட வேண்டும் என்று பழைய கடல் சட்டப்படி உடைமையாளர் அறிவித்தார். சிறு கடைக்காரர் ஒரு கண்டெய்னரில் வாங்கிய பொருளுக்கும் பிணைத்தொகை கட்டினால்தான் விடுவிப்பு. ஹோல்ட் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த பொறுப்பு அத்தனை துண்டாகச் சிதறிக் கிடந்தது. கால்வாய் ஆணையம் நட்டஈடு கேட்டுக் கப்பலைக் கால்வாய் வழியிலுள்ள ஏரி ஒன்றில் பிடித்து வைத்தது. பேரம் முடிந்து கப்பல் கிளம்பியது ஜூலை 7 அன்று. மூன்று மாதத்துக்கு மேல் அந்த ஏரியில் கப்பலோடு சேர்ந்து காத்திருந்தவர்கள், அந்த நட்டத்தில் சிறு பங்குக்கும் காரணமல்லாத சாதாரண மாலுமிகள்தான். அவர்களுக்காக யார் பேசினார்கள் என்பதையும், யார் பேசியிருக்க வேண்டும் என்பதையும் கேள்வி நேரத்தில் உங்களோடு பேச விரும்புகிறேன்.